பத்தாவது பெயரின் கறுப்பு

"அந்தப் பத்தாவது பேருக்கு மட்டும் என்னதான் வியாதி, ஜேபஸ்?" என்று பாதிரியார் என் தம்பியைக் கேட்டார். அக்டோபர் மாதக் கடைசி. நான் சர்ச் வாசலில் உட்கார்ந்து பித்தளை விளக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்தப் பேருங்க ஐயா?" என்றான் அவன், தெரியாதவன் போல.

"ஹெட்லி பெட்டிட். பதினாலு பேருல பதிமூணு பேரு கன்னங்கரேல்னு இருக்கு. இவன் மட்டும் வருஷா வருஷம் வெளுத்துப்போறான்."

"சாரல் அடிக்கிற பக்கம் ஐயா அது."

"அவனுக்கு மேல ஒன்பது பேரு, கீழ நாலு பேரு. சாரல் அவன ஒருத்தனை மட்டும் தேடிப் புடிச்சு அடிக்குதா?"

"மழையோட மனசு நமக்கு என்ன தெரியும்?"

பாதிரியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

எங்கள் ஹார்ல்பரி கிராமத்தில் பெரிய போர் முடிந்த இரண்டாம் வருஷம் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச் சிலுவை வைத்தார்கள். சண்டைக்குப் போய்த் திரும்பாத பதினாலு பேரின் பெயர்கள் அதில் வெட்டியிருக்கின்றன. வெட்டிய எழுத்துக்குள் கறுப்புப் பெயிண்ட். வெயிலிலும் மழையிலும் பெயிண்ட் உரியும். அதனால் சண்டையில் செத்தவர்களை நினைக்கும் நவம்பர் ஞாயிறுக்கு முன்னால் வருஷம் ஒருமுறை யாராவது எழுத்துக்களைத் திரும்பக் கறுப்பாக்கியாக வேண்டும். அந்த யாராவது என் தம்பிதான். வண்டிப் பட்டறை வைத்திருந்தான். பாரவண்டியின் முன்பலகையில் பண்ணைக்காரர் பெயரை எழுதுவதில் சுற்றி நாலு ஊருக்கும் அவன் கைதான் கை. சிலுவை வேலையைக் கூலி வாங்காமல் செய்தான். ஊர் அவனை நல்லவன் என்றது.

பத்தாவது பெயர்க்காரன் ஹெட்லி பெட்டிட், என் தம்பி பெண்டாட்டி ஆலிவின் முதல் புருஷன். லீவில் வந்து அவளைக் கல்யாணம் செய்துகொண்டு, பதினோரு நாள் குடித்தனம் நடத்திவிட்டு, பிரான்சுக்குப் போய்ச் செத்தான். நாலு வருஷம் கழித்து அவள் ஜேபஸைக் கட்டிக்கொண்டாள். அவனும் அதே சண்டையிலிருந்து முழங்காலில் இரும்புத் துண்டோடு திரும்பியவன்தான். கல்யாணமாகாத நானும் அவர்களோடு அதே வீட்டில் இருந்தேன்.

நவம்பர் ஞாயிறு அன்று ஊர் வழக்கம் ஒன்று உண்டு. பாதிரியார் பெயரை வாசிப்பார். அந்தந்த வீட்டுப் பெண் முன்னால் வந்து பூங்கொத்தை வைப்பாள். செத்தவனின் மெடலைச் சட்டையின் வலது பக்கம் குத்தியிருப்பாள். திரும்பி வந்த ஆண்கள் பாதைக்கு எதிர்ப்பக்கம், இடது பக்கம் தங்கள் மெடலைக் குத்திக்கொண்டு, வரிசையாக நிற்பார்கள். ஹெட்லிக்குத் தாய் தகப்பன் இல்லை. அவனுக்காக நடக்க ஆலிவை விட்டால் ஆள் கிடையாது. அதனால் வருஷத்தில் ஒரு நாள் என் தம்பி யூ மரத்தடியில் நின்று, தன் பெண்டாட்டி இன்னொருத்தன் மெடலோடு இன்னொருத்தன் பெயருக்கு நடந்து போவதைப் பார்த்தாக வேண்டும்.

முதல் வருஷம் வீட்டுக்கு வந்ததும் அவன் என்னிடம் சொன்னான்: "அக்கா, அவ நடந்து போறத பாத்தியா? என்கிட்ட வர்றப்ப அப்படி நடந்திருக்காளா?"

"உன்கிட்ட வர்றப்ப கையில கஞ்சிச் சட்டி இருக்கும்டா. சட்டியோட எப்படி நடப்பா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். அவனுக்குப் பூ, எனக்குச் சட்டி."

"செத்தவனோட போட்டி போடுறியே, வெக்கமா இல்ல?"

"உசுரோட இருந்தா ரெண்டு குத்து விட்டு முடிச்சிருப்பேன். இவன என்ன பண்றது? பதினோரு நாளு. பதினோரு நாளும் நல்ல துணி உடுத்தி, நல்ல பேச்சு பேசியிருப்பான். ஒரு நாளாவது சேத்துக் காலோட அடுப்படிக்குள்ள வந்திருப்பானா? பதினோரு நாளு நானும்தான் தங்கமா இருப்பேன். அவனுக்குப் போன வருஷமும் இருபத்திநாலு வயசு, இந்த வருஷமும் இருபத்திநாலு. எனக்குத்தான் வயசாகுது."

அதற்கு அடுத்த அக்டோபரில்தான் நான் இரண்டு பெயிண்ட் டப்பாக்களைப் பார்த்தேன். சிலுவை அடியில் ஒரு பெரிய டப்பா, ஒரு சின்ன டப்பா. பதிமூணு பெயருக்கும் பழைய பெயிண்டைக் கத்தி முனையால் சுரண்டி, துடைத்து, ஆளிவிதை எண்ணெய் ஒரு கை பூசி, ஊறவிட்டு, அப்புறம்தான் கறுப்பு வைத்தான். பத்தாவதுக்கு வந்ததும் சின்ன டப்பாவை எடுத்தான். பெயிண்டை நீர்க்கவைக்கும் டர்பன்டைன் வாடை மூக்கைத் துளைத்தது. பெயிண்ட் என்று பேர்தான், தேநீர் மாதிரி இருந்தது. சுரண்டவும் இல்லை, துடைக்கவும் இல்லை, காலைப் பனி ஈரத்தின் மேலேயே இழுத்துவிட்டான். அன்றைக்குப் பார்க்க எல்லாம் ஒரே கறுப்பு.

"ஜேபஸ், அது என்னடா தனி டப்பா?"

"பெரிசுல தீந்துபோச்சு."

"இன்னும் பாதி இருக்குதே."

"உனக்கு விளக்குத் தேய்க்கிற வேலை இல்லையாக்கா?"

நான் விளக்குத் தேய்க்கப் போனேன். ஆலிவிடம் சொல்லவில்லை. அக்கா தம்பி பாசம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவள் வருவதற்கு முன் அந்த வீட்டின் அடுப்படி என்னுடையது. நானும் கொஞ்சம் புகைந்துகொண்டுதான் இருந்தேன்.

ஆனால் அவன் நினைத்தது நடக்கவில்லை. ஈஸ்டருக்குள் ஹெட்லியின் பெயர் சாம்பல் நிறமாகும். ஆலிவ் அதைப் பார்த்துப் பதறுவாள். வாராவாரம் துணியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போவாள். கொண்டை ஊசியால் எழுத்துக்குள் இருக்கும் பாசியை எடுப்பாள். "பாவம் அண்ணி, அவருக்கு மட்டும் இப்படி ஆகுது. அவரு எப்பவும் அதிர்ஷ்டம் கெட்ட மனுஷன்" என்று என்னிடம் சொல்வாள். நல்ல கறுப்பில் இருந்திருந்தால் வருஷத்துக்கு ஒரு முறை போயிருப்பாள். இவன் வெளுக்கவைத்து வாரம் ஒரு முறை போகவைத்தான். அவள் போகப்போக இவனுக்கு இன்னும் எரிந்தது. எரிய எரிய அடுத்த வருஷம் டர்பன்டைன் இன்னும் கூடியது. இப்படி எட்டு வருஷம்.

பாதிரியார் கேட்டுச் சிரித்த அந்த வாரமே ஊர்க் கூட்டம். அவர் எழுந்து, "பெட்டிட் பேருக்குப் பெயிண்ட் நிக்க மாட்டேங்குது. டவுன்லேர்ந்து கல்தச்சரைக் கூப்பிட்டு, அந்த எழுத்துக்குள்ள ஈயம் அறைஞ்சிடலாம்னு பாக்கிறேன். நூறு வருஷம் நிக்கும்" என்றார்.

ஆலிவ் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். "ரொம்ப நன்றிங்க ஐயா."

"சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். என் தம்பி தன் வலது கையை யாரோ கயிறு கட்டி இழுப்பது போல மெல்ல மெல்லத் தூக்கினான். வீட்டுக்கு வரும் வழியில் என் காதருகே வந்து, "எல்லாருக்கும் பெயிண்ட்டு, அவனுக்கு மட்டும் ஈயமா?" என்றான்.

"நீ தேடிக்கிட்டதுதானே?"

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வர்றியா?"

கல்தச்சர் வெள்ளிக்கிழமை வந்தார். குட்டையான, மூச்சு வாங்கும் மனிதர். நானும் ஆலிவும் பாதிரியாரும் நின்றோம். ஜேபஸ் பட்டறையில் வேலை இருக்கிறது என்று வரவில்லை. அந்த வருஷ வேலையை அவன் அதற்கு மூன்று நாள் முன்புதான் முடித்திருந்தான். கல்தச்சர் ஒரு ஆணியை எடுத்து ஹெட்லியின் பெயரைக் கீறினார். ஒன்பதாவது பெயரைக் கீறினார். திரும்ப ஹெட்லி.

"கல்லுல ஒரு குறையும் இல்லியே" என்றார்.

"அப்புறம் ஏன் நிக்கல?" என்றார் பாதிரியார்.

"நிக்கிற மாதிரி அடிச்சாத்தானே நிக்கும்? மத்த பதிமூணும் அருமையான வேலை, நானே இப்படிச் செய்யமாட்டேன். இது மட்டும் ஈரத்து மேல தண்ணி மாதிரி இழுத்துவிட்டிருக்கு. பழசைச் சுரண்டவே இல்ல, பாருங்க, படலம் படலமா வருது. ஏழெட்டு வருஷத்துப் படலம்."

"வேற ஆள் அடிச்சிருப்பாங்களோ?"

"இல்லீங்க, ஒரே கைதான். எழுத்து முடியுற எடத்துல பிரஷ்ஷைத் திருப்புற விதம் பதினாலுலயும் ஒண்ணு. செய்யத் தெரிஞ்சவன் செய்யாம விட்ட வேலை இது. ஈயமெல்லாம் வேணாம். ஒழுங்கா ஒரு தடவ அடிச்சாப் போதும்."

பாதிரியார் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். ஆலிவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அவள் எனக்கு முன்னால் வேகமாக வீட்டுக்கு நடந்தாள். வாசலில் நின்று, "அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"எத்தனை வருஷமா?"

"மொதல்லேர்ந்து."

"சரி" என்று உள்ளே போனாள். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் அவள் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

ஜேபஸ் சாப்பிட வந்தான். அவள் தட்டு வைக்கவில்லை.

"கல்தச்சர் வந்துட்டுப் போனாரு" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"உன் வேலைய ரொம்பப் புகழ்ந்தாரு. பதிமூணு பேருக்கு."

அவன் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தான். பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"நீ அங்க நடந்து போறதப் பாக்க முடியல, ஆலிவ்."

"வருஷத்துக்கு ஒரு நாள்."

"ஒரு நாளா? பாசி எடுக்க வாராவாரம் போறியே?"

"அத யாரு வரவெச்சது?"

அவன் தொப்பியை எடுத்து, திரும்ப மேஜை மேலேயே வைத்தான்.

"நான் அவர்கூட இருந்தது பதினோரு நாளு, ஜேபஸ். உன்கூட ஒன்பது வருஷம். உன் துணி, உன் இருமல், உன் முழங்காலு, உன் அக்கா, எல்லாத்தோடயும் இருக்கேன். சந்தோஷமாத்தான் இருக்கேன். உனக்கு அந்தப் பதினோரு நாளும் வேணுமா?"

"வேணும்" என்றான் என் தம்பி. முட்டாள். ஆனால் பொய் சொல்லவில்லை.

"குடுக்கமாட்டேன்" என்றாள் அவள். "இனிமே அந்தப் பேர நீ தொடவும் கூடாது."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள யாரு அடிப்பா?"

"நான் அடிப்பேன்."

"நீ பிரஷ் புடிச்சதே இல்ல."

"நீ புடிச்சு என்ன கிழிச்ச?"

சனிக்கிழமை காலை அவள் பட்டறைக்குப் போய், கேட்காமல், பெரிய டப்பாவையும் ஒரு பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போனாள். வண்டிச் சக்கரத்துக்கு அடிக்கும் பிரஷ், கட்டைவிரல் தடிமன். அவனும் பின்னாலேயே போனான், அவனுக்குப் பின்னால் நான். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே அவனை நிறுத்தினாள். "அங்கேயே நில்லு."

அவள் சுரண்டிய விதம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு துளிப் பழசு விடவில்லை. அதற்கப்புறம்தான் வினை. கறுப்பு எழுத்துக்குள் நிற்கவில்லை. ஓரத்தில் வழிந்து, கீழே சொட்டி, பதினோராவது பெயரின் தலையில் இறங்கியது. துடைத்தாள், இன்னும் பரவியது.

சுவருக்கு வெளியே என் தம்பி நெளிந்துகொண்டிருந்தான். "ஆலிவ், பிரஷ்ஷைப் புழிஞ்சுட்டு வை. அய்யோ, மேலேர்ந்து கீழ. மேலேர்ந்து கீழ இழு."

"பேசாத."

"அந்தச் சொட்டையாவது துடைக்க விடு. நான் பேரைத் தொடல, சொட்டை மட்டும்."

"நீ ஒண்ணையும் தொட வேணாம்."

"அக்கா, நீயாவது சொல்லேன்."

"நான் விளக்குத் தேய்க்கப் போறேன்" என்றேன்.

முடித்தபோது ஹெட்லி பெட்டிட் அந்தக் கல்லிலேயே பெரிய ஆளாக நின்றான். மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு தடிமன், நாலு மடங்கு கறுப்பு, தாடி வைத்தது போல அடியில் வழிசல். ரோட்டிலிருந்தே தெரிந்தது.

ஞாயிறு பதினோரு மணிக்கு ஊர் முழுக்கக் கூடியது. பாதிரியார் பெயர்களை வாசித்தார். "ஹெட்லி பெட்டிட்" என்றதும் ஆலிவ் நடந்தாள், பூங்கொத்தை வைத்தாள். பெயிண்ட் காயவில்லை. பூங்கொத்தின் ரிப்பன் எழுத்தில் ஒட்டிக்கொண்டது, அவள் கையுறையும் கறுப்பாயிற்று. பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் நேராக நின்றுகொண்டிருந்தான், கண் மட்டும் அவள் கையுறையை விட்டு நகரவில்லை.

இரண்டு நிமிஷ மௌன அஞ்சலி முடிந்து எல்லாரும் கலைகிற நேரம், பண்ணைக்காரர் ஸ்டெபிங் சிலுவையருகே வந்து நின்றார். எங்கள் ஊரில் அதிக வண்டி வைத்திருப்பவர். புதிதாக இரண்டு பாரவண்டிக்குப் பெயர் எழுத ஜேபஸிடம்தான் சொல்லியிருந்தார்.

"என்ன ஜேபஸ், மதுக்கடை வழியா வந்து அடிச்சியா?"

"இல்லீங்க."

"என் வண்டியில இப்படி எழுதினா குதிரை வெக்கப்பட்டு லாயத்த விட்டே வராது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆலிவ் ஒரு கை தூரத்தில் நின்றாள். வாயைத் திறந்தாள். ஜேபஸ் அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான், வேண்டாம் என்று.

"கை தவறிடுச்சுங்க" என்றான்.

"ஒரு பேருக்கு மட்டுமா?"

"ஒரு பேருக்கு மட்டும்."

"அந்த ரெண்டு வண்டி விஷயம்... பாக்கலாம்" என்றார் ஸ்டெபிங். எங்கள் ஊரில் பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

வீட்டில் ஆட்டுக்கறி வாட்டியிருந்தேன். ஜேபஸ் உருளைக்கிழங்கைத் தட்டில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"நான் சொல்லியிருப்பேன்" என்றாள் ஆலிவ். "நீதான் தலையாட்டின."

"நீ அடிச்சன்னு சொன்னா ஏன் அடிச்சன்னு கேப்பாரு. அப்புறம்?"

"உனக்கு ரெண்டு வண்டி போச்சு."

"போகட்டும். அது இல்ல."

"பின்ன எது?"

அவன் கத்தியைத் துடைத்தான், முள்கரண்டியைத் துடைத்தான்.

"அவன் பேர நீ உன் கையால எழுதிட்ட."

"ஆமா."

"ஒன்பது வருஷத்துல என் பேர நீ எங்கயாவது எழுதியிருக்கியா?"

"என்னது?"

"ஜாம் பாட்டில்ல பிளம்முனு எழுதுற. வருஷம் எழுதுற. என் பேர எங்க எழுதியிருக்க?"

ஆலிவ் என்னைப் பார்த்தாள். நான் கறியைப் பார்த்தேன்.

"கல்யாணத்தன்னிக்கு சர்ச் புத்தகத்துல எழுதினேனே."

"அது உன் பேரு. என் பேர நான்தான் எழுதினேன்."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் அவன் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டாள். "செத்தவர் பேருக்கு நான் அடிச்ச அசிங்கத்தப் பாத்தும் உனக்குப் பொறாமையா?"

"அசிங்கம்தான். ஆனா உன் கை."

மறுநாள் காலை அவள் அடுப்படித் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். நானும் போனேன். அவன் பெரிய டப்பாவை நீட்டினான். அவள் முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"டர்பன்டைன் எவ்வளவு ஊத்தின?"

"ஒரு சொட்டு ஊத்தல."

"பலகை எது?"

கதவுக்கு மேலே தொங்கிய பலகையை அவன் கழற்றி வைத்திருந்தான். எங்கள் அப்பா காலத்தில் தங்க நிறத்தில் வளைந்து வளைந்து எழுதிய பலகை. வாடிக்கைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள். அதன் மேல் வெள்ளையடித்துக் காயவைத்திருந்தான். தங்க எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை.

"ஜேபஸ் கேட்ச்போல், முழுசா எழுது" என்றான். "சுருக்காத."

எழுதினாள். முடிக்கும் முன்பே இடம் தீர்ந்துபோயிற்று. கடைசி மூன்று எழுத்தும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, பலகை ஓரத்தில் கீழே இறங்கின. எல்லாவற்றுக்கும் வழிசல் தாடி. அவன் ஒரு வார்த்தை திருத்தம் சொல்லவில்லை. காயும் முன்பே ஏணி போட்டு மாட்டினான்.

மத்தியானம் ஸ்டெபிங் குதிரை மேல் அந்த வழியாக வந்தார். நிறுத்தினார். பலகையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை படித்தார்.

"ஜேபஸ், இதுவும் கை தவறினதா?"

"இல்லீங்க. இது என் பொண்டாட்டி எழுதினது." தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்.

ஸ்டெபிங் பலகையைப் பார்த்தார். திரும்பி, மரங்களுக்கு மேலே தெரிந்த சர்ச் கோபுரத்தைப் பார்த்தார். மறுபடியும் பலகை.

"அப்படின்னா, அங்க இருக்கிறதும்..."

முந்தின நாள் அத்தனை பேர் முன்னால் அடக்கிக்கொண்டதை இன்றைக்கு என் தம்பியால் அடக்க முடியவில்லை.

"அதுவும்தாங்க" என்றான். "ஆனா இது பெருசு."